என் திரைச்சீலை, உன் ஜன்னல்

மைனாட், வடக்கு டகோட்டா
செப்டம்பர் 11, 1988

அன்புள்ள லவோனுக்கு,

அக்கா எழுதுகிறேன். முழங்கால் வலி என்னோடு குடித்தனம் நடத்துகிறது, மற்றபடி சௌக்கியம். இவருக்கும் ஒரு குறைவும் இல்லை. ரயில்வேயில் ஓய்வு கொடுத்த அன்றைக்குச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவர், இன்னும் சாப்பாட்டுக்கு மட்டும்தான் எழுந்திருக்கிறார். உன் உடம்பு எப்படி இருக்கிறது?

உன் போஸ்ட்கார்டு வந்தது. அலாஸ்காவுக்கே போய்விட்டாயாம். ஃபேர்பேங்ஸில் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வேலை கிடைத்துவிட்டதாம். வீடே தேட வேண்டாமாம், பிக்கப் வண்டியின் முதுகில் படுக்கையும் அடுப்புமாக இருக்கிற கேம்பர் அறையே போதுமாம். மொத்தம் நான்கு வரி. அந்த நான்கு வரியை நான் நாற்பது தடவை படித்தேன்.

மனசில் வைத்துக்கொண்டிருந்தால் புளித்துவிடும், சொல்லிவிடுகிறேன். அந்தக் கேம்பர் என்னுடையது. பத்திரத்தில் யார் பெயர் இருந்தால் என்ன? தரைக்கு மஞ்சள் விரிப்பு தேர்ந்தெடுத்தது நான். ஆறு ஜன்னலுக்கும் வெள்ளைப் பூப் போட்ட நீலத்துணியில் திரை தைத்தது நான், அதுவும் கைத்தையல். "ரிட்டயர் ஆனதும் ரெண்டு பேரும் கிளம்பிடலாம் ஆர்டிஸ்" என்று இவர் பதினோரு வருஷம் சொன்னார். ரிட்டயர் ஆனார். முதுகு பிடித்துக்கொண்டது என்றார். நீ டுவேனை விவாகரத்து செய்துவிட்டு, அழுது வீங்கின முகத்தோடு வந்து நின்றாய். நான் சர்ச்சில் மீன் விருந்துப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு கோப்பை காபி ஆறுவதற்குள் இவர் அதை உன் தலையில் கட்டிவிட்டார். நான் திரும்பி வந்தபோது வாசலில் எண்ணெய்க் கறை மட்டும்தான் இருந்தது.

"ஏங்க, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றேன்.

"உனக்கெதுக்கு அது? நீ எங்க போகப்போறே?" என்றார்.

இரண்டே இரவு அதில் படுத்திருக்கிறேன், லவோன். இரண்டும் எங்கள் வீட்டு வாசலிலேயே.

போகட்டும். என் திரைகளுக்குப் பின்னால் தூக்கம் எப்படி வருகிறது? விவரமாக எழுது. கம்பளிக் காலுறை இல்லாமல் தரையில் கால் வைக்காதே.

வயிறு எரிந்தாலும் உன் நன்மையையே விரும்பும்
அக்கா ஆர்டிஸ்


ஃபேர்பேங்ஸ், அலாஸ்கா
அக்டோபர் 2, 1988

அன்புள்ள அக்காவுக்கு,

நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உன் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா? அத்தானின் முதுகை விசாரித்ததாகச் சொல்.

திட்டினாலும் உன் கடிதம் வந்ததே, அது போதும். பஸ் டிப்போவின் வேலியோரமாக நிற்கிறேன். முப்பத்தொரு பஸ்கள், முப்பத்திரண்டாவதாக நான். படுக்கையிலிருந்து என் பஸ்ஸின் ஸ்டீயரிங்குக்கு நாற்பத்திரண்டு அடி, எண்ணிப் பார்த்துவிட்டேன். காலை ஆறு மணிக்குக் கிளம்பிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு ஒன்பதுக்கெல்லாம் வந்துவிடுவேன். மறுபடி இரண்டு மணிக்குத்தான் வேலை. நடுவில் ஐந்து மணி நேரம் முழுக்க என்னுடையது. மற்ற டிரைவர்கள் இருபது மைல் தள்ளி இருக்கிற வீட்டுக்குப் போவதா, இங்கேயே கொட்டாவி விடுவதா என்று தவிக்கிறார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு, சூப்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, புத்தகம் படிக்கிறேன்.

முதலாளி ஹார்லன் நல்ல மனுஷர். இங்கே ஒவ்வொரு பஸ்ஸுக்கும் பக்கத்தில் ஒரு கம்பம், அதில் ஒரு பிளக். குளிர்காலத்தில் எஞ்ஜினுக்கு மின்சாரச் சூடு கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் காலையில் வண்டி கிளம்பும். ஃபியூஸ் போய்விட்டால் எல்லாம் கட்டை. அதைக் கவனித்துக்கொள்ள ஒரு ஆள் இங்கேயே கிடந்தால் அவருக்கும் லாபம்தானே? "வேலியோரமா நிறுத்திக்கோம்மா. ஆனா ஊரெல்லாம் தமுக்கடிக்காதே" என்றார்.

என் பஸ்ஸில் வரும் ஒரு சின்னப் பெண், "நீங்க பஸ்லயே தூங்குவீங்களா?" என்று கேட்டாள். "இல்லடி, நத்தை மாதிரி வீட்டை முதுகுலயே தூக்கிட்டு வந்திருக்கேன்" என்றேன். அன்றிலிருந்து பஸ் முழுக்க எனக்கு நத்தையம்மா என்று பெயர்.

திரைகள் அழகாக இருக்கின்றன. மெக்கானிக் எல்மர்கூட, "யாரு தைச்சது?" என்று கேட்டார்.

உன் நினைவாகவே இருக்கும்
லவோன்


மைனாட்
அக்டோபர் 20, 1988

அன்புள்ள லவோனுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் நலத்தைக் கேட்கவே வேண்டாம், அதுதான் கடிதம் முழுக்க வழிகிறதே.

ஐந்து மணி நேரமா! அடிப்பாவி, எனக்குக் கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிஷம் கிடைத்ததில்லை. உன் கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் மூன்று தடவை கூப்பிட்டார்.

"ஆர்டிஸ், ரிமோட் எங்க?"

"உங்க தொடைக்கு அடியில."

"ஆர்டிஸ், வெளியில யாரோ போறாங்க பாரு."

"தபால்காரர். தினமும்தான் போறார்."

"ஆர்டிஸ், என்ன எழுதியிருக்கா?"

"சூப் வெச்சாளாம்" என்றேன். வேறென்ன சொல்ல?

சில கேள்விகள். மடக்கு மேஜையை எந்தப் பக்கம் விரிக்கிறாய்? வலது பக்கம்தான் விரிக்க வேண்டும், அப்போதுதான் ஜன்னல் வெளிச்சம் விழும். என் நீலக் கெட்டில் இருக்கிறதா? யார் அந்த எல்மர்? மெக்கானிக்குக்கு ஜன்னல் திரையைப் பற்றி என்ன அக்கறை? கல்யாணமானவரா?

இன்னொன்று. தையல் அறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். குளிர்காலத்துக்கு இங்கே வந்துவிடேன். அந்த ஊர்க் குளிரில் தகரப் பெட்டிக்குள் கிடக்க வேண்டும் என்று யார் தலையிலாவது எழுதியிருக்கிறதா? கேம்பரை எங்கள் வாசலில் நிறுத்திக்கொள்ளலாம். நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அக்கா


ஃபேர்பேங்ஸ்
நவம்பர் 13, 1988

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் அப்படியே இருக்க வேண்டும்.

தையல் அறைக்கு நன்றி. ஆனால் நான் வரவில்லை, அக்கா. குளிர் தொடங்கிவிட்டது, இன்று பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்தைந்து. இதெல்லாம் இங்கே குளிரே இல்லை என்கிறார்கள். ஒரு ஹீட்டர் போதவில்லை. எல்மர் ஒரு வழி செய்தார். பதினேழாம் நம்பர் பஸ் எஞ்ஜின் போய்ப் படுத்துவிட்டது, இந்த வருஷம் எழுந்திருக்காது. அதன் கம்பத்திலிருந்து பனிக்கு அடியிலேயே ஒரு வயரை இழுத்து என் கேம்பருக்குள் விட்டுவிட்டார். "பதினேழு செத்துப்போச்சு. அதோட பங்கை நீ சாப்பிடு" என்றார். இப்போது இரண்டு ஹீட்டர். ஹார்லனுக்குத் தெரியாது, தெரிந்தால் இன்சூரன்ஸ் அது இது என்று பயப்படுவார். நீயும் வாயைத் திறக்காதே!

இரண்டாவது ஹீட்டரை வைக்க மடக்கு மேஜையைக் கழற்றிவிட்டேன். பெரிய ஜன்னல் திரையை நீளவாக்கில் வெட்டிக் கதவிடுக்கில் அடைத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நல்ல கெட்டித் துணி, துளி காற்று வரவில்லை.

எல்மருக்கு மனைவி இல்லை, இறந்து எட்டு வருஷமாகிறது. ஆற்றங்கரைக் கிராமத்துக்காரர், கடமான் வேட்டையாடுவார். ஒரு தொடையைக் கொண்டுவந்து கொடுத்தார். கேம்பருக்கு வெளியே கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், குளிர்பதனப் பெட்டியே வேண்டாம். மத்தியானம் சில நாள் வந்து காபி குடிப்பார். அதிகம் பேசமாட்டார். பேசாத ஆளோடு இருப்பது எவ்வளவு சுகம் தெரியுமா!

உண்மையைச் சொல்கிறேன் அக்கா, எந்த வீட்டிலும் நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

உன்
லவோன்


ஃபேர்பேங்ஸ்
நவம்பர் 28, 1988

பஸ் கம்பெனி முதலாளி ஹார்லன் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நோய்நொடியின்றி இருக்க வேண்டுகிறேன். நான் இந்த ஊர்க்காரன், பிள்ளை பெற்றவன், ஒழுங்காக வரி கட்டுகிறவன்.

தங்கள் டிப்போவின் வேலியோரத்தில் ஒரு பெண் டிரைவர் கேம்பரில் குடித்தனம் நடத்துவது தங்களுக்குத் தெரியும். ஆனால் பதினேழாம் நம்பர் பஸ் கம்பத்திலிருந்து பனிக்கு அடியில் திருட்டு வயர் இழுத்து இரண்டாவது ஹீட்டர் ஓடுவது தெரியுமா? மரப்பலகைச் சுவர், உள்ளே கேஸ் அடுப்பு, இரண்டு ஹீட்டர், பக்கத்தில் முப்பத்தொரு பஸ். ஒரு பொறி போதும். இன்சூரன்ஸ்காரர்கள் கேட்டால் என்ன சொல்வீர்கள்? அவர்களுக்கு நானே எழுதும்படி வைத்துவிடாதீர்கள்.

பொறுப்பில்லாத பெண்மணி என்பதற்கு ஒன்று சொல்கிறேன். யாரோ கண் நோகக் கையால் தைத்த அருமையான ஜன்னல் திரையை வெட்டிக் கதவிடுக்கில் அடைத்திருக்கிறாள். அப்படிப்பட்டவளை நம்பியா நாங்கள் பிள்ளைகளை அனுப்புகிறோம்? அவளுக்கு வேலை இருந்துவிட்டுப் போகட்டும். அந்த இடத்தைக் காலி செய்யச் சொல்லுங்கள்.

பெயர் சொல்ல விரும்பாத
ஒரு தகப்பன்


ஃபேர்பேங்ஸ்
டிசம்பர் 18, 1988

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் அத்தானுக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து. நான் நலமாகத்தான் இருக்கிறேன்.

முகவரி மாறவில்லை, தபால் ஆபீஸ் பெட்டிக்கே எழுது. ஆனால் டிப்போவில் நான் இல்லை. போன வாரம் ஹார்லன் கூப்பிட்டார். "உன்மேல எனக்கு ஒண்ணும் இல்லைம்மா. ஆனா மொட்டைக் கடுதாசி வந்திருக்கு. இன்சூரன்ஸ்காரன் காதுல விழுந்தா எனக்குக் கம்பெனியே போச்சு" என்றார். இரண்டு வரி படித்துக் காட்டினார். பதினேழாம் நம்பர் கம்பம், பனிக்கு அடியில் வயர், எல்லாம் அப்படியே புட்டுப் புட்டு வைத்திருக்கிறது. அந்த வயர் விஷயம் எனக்கும் எல்மருக்கும்தான் தெரியும். உனக்கு எழுதியிருக்கிறேன், அது கணக்கில்லை.

நேரே ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். எல்லா டிரைவர்களும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வயரைப் போட்டவனும் நீ, காட்டிக் கொடுத்தவனும் நீயா?" என்று கேட்டேன்.

"நான் இல்லை லவோன்" என்றார்.

"வேற யாரு? பதினேழாம் நம்பர் பஸ் எழுந்து நடந்துபோய் எழுதிச்சா?"

சிலர் சிரித்தார்கள். அவர் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே போனார். அதன் பிறகு என் பக்கம் திரும்புவதில்லை. ஒருவேளை நான் அவரிடம் சிரித்துப் பேசியது போதவில்லையோ, அதற்குத்தான் வஞ்சம் தீர்த்தாரோ என்று யோசித்து யோசித்து மண்டை காய்கிறது. ஆண்களைப் பற்றி எனக்கு எப்போதும் கணக்குத் தப்பாகத்தான் போகிறது.

இப்போது ஒரு பலசரக்குக் கடைக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறேன். பிளக் கிடையாது. கேஸ் ஹீட்டர் இருக்கிறது, ஒன்றும் கவலையில்லை.

உன்
லவோன்


மைனாட்
டிசம்பர் 29, 1988

என் கண்ணே லவோன்,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பாவம் நீ, பாவம்! இப்படியும் செய்வார்களா? உலகத்தில் எப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் பார். யாரோ பொறாமை பிடித்தவர்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும், நாம் சாபம் கொடுக்க வேண்டாம்.

அந்த எல்மரை இனி ஒன்றும் சொல்லாதே. அவராகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், நமக்கென்ன தெரியும்? விட்டுவிடு. வந்துவிடு. தையல் அறையில் புது விரிப்புப் போட்டிருக்கிறேன். இவர்கூட, "பொண்ணு வந்தா சீட்டாட்டத்துக்கு ஆள் ஆச்சு" என்கிறார். நான்கு ஜோடிக் காலுறையும் ஒரு கம்பளித் தொப்பியும் அனுப்பியிருக்கிறேன்.

கேம்பரை ஓட்டிக்கொண்டு வர முடியாவிட்டால் அங்கேயே விட்டுவிட்டு நீ மட்டும் வா. எனக்கு அது வேண்டவே வேண்டாம்.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அக்கா


மைனாட்
ஜனவரி 28, 1989

அன்புள்ள லவோனுக்கு,

நாங்கள் சுகம். உன்னிடமிருந்து ஒரு மாதமாக ஒரு வரி இல்லை. காலுறை வந்ததா?

டிவியில் உங்கள் ஊர்க் குளிரைப் பற்றித்தான் பேச்சு. பூஜ்ஜியத்துக்குக் கீழே ஐம்பதாம். இவர் நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டுக்கொண்டு, "பாரு, பாரு, காத்துல எறிஞ்ச வெந்நீர் கீழ விழாம ஆவியா போகுது!" என்று காட்டுகிறார். எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை, சமையலறைக்குப் போய்விட்டேன்.

லவோன், உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கடிதம்

ஒன்றுமில்லை. நேரில் வரும்போது பேசிக்கொள்ளலாம். ஒரே ஒரு வரி எழுது. நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் எழுது, போதும்.

அக்கா


ஃபேர்பேங்ஸ்
பிப்ரவரி 6, 1989

லவோனின் அக்கா அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் எல்மர். பஸ் டிப்போ மெக்கானிக். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. லவோன் எழுதச் சொன்னார், அவர் இரண்டு கையிலும் கட்டுப் போட்டிருக்கிறது.

ஜனவரி 26 விடியற்காலை அவர் கேம்பரில் கேஸ் உறைந்துவிட்டது. அந்தக் குளிரில் சிலிண்டரில் கேஸ் இருக்கும், எரியாது. பிளாஸ்க்கில் இருந்த சூடான காபியை வால்வில் ஊற்றிப் பார்த்திருக்கிறார். கையுறை நனைந்துவிட்டது. இங்கே நெடுநாள் இருந்தவர்கள் அதைச் செய்யமாட்டார்கள். இது அவருக்கு முதல் குளிர்காலம். வண்டியும் கிளம்பவில்லை. டிப்போவுக்கு முக்கால் மைல் நடந்தே வந்திருக்கிறார். டிப்போவில் ஃபியூஸ் போயிருந்தது, அதனால் நான் சீக்கிரம் வந்திருந்தேன். கதவருகில் பார்த்தேன்.

இடது கையில் மூன்று விரல் நுனி போய்விட்டது. கால் பிழைத்தது. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி போட்டிருந்தார், நீங்கள் அனுப்பியதாம்.

அவர் சொல்லச் சொன்னது: "அக்கா பயப்படாதே. யாரையும் குறை சொல்லாதே. எனக்குச் சௌகரியமாக இருக்கிறது."

நான் சொல்வது: மொட்டைக் கடிதம் நான் எழுதியதாக அவர் இன்னும் நினைக்கிறார். நான் எழுதவில்லை. இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை. அவருக்கு நம்பிக்கையான ஆள் நீங்கள்தான், நீங்கள் சொன்னால் கேட்பார்.

எல்மர்


மைனாட்
பிப்ரவரி 15, 1989

லவோன்,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. அந்தக் கடிதத்தை எழுதியது நான்.

எல்மர் இல்லை. இதை முதலில் அவரிடம் காட்டு. பக்கத்து வீட்டு போர்கில்டின் தம்பி மகன் இங்கே விமானப்படையில் இருந்தான், உங்கள் ஊருக்கு மாற்றலாகிப் போனான். "அங்க போய் தபால்ல போடுப்பா, தங்கச்சிக்கு ஒரு ஆச்சரியம்" என்று அவன் கையில் கொடுத்தேன். அவன் அதற்கு என் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போனான்.

உன் நன்மைக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அங்கே இடம் போனால் வீட்டுக்கு வந்துவிடுவாய், பத்திரமாக இருப்பாய் என்று. பொய். நீ சந்தோஷமாக இருக்கிறேன் என்று எழுதினாயே, அந்த ஒரு வரிதான். என் திரையை வெட்டிவிட்டு, என் மேஜையைக் கழற்றிவிட்டு, எந்த வீட்டிலும் இவ்வளவு சந்தோஷமில்லை என்கிறாள், இவளுக்கு எப்படி இதெல்லாம் கிடைக்கலாம் என்று எரிந்தது. எனக்கு இல்லாதது உனக்கும் இருக்கக்கூடாது என்று நினைத்தேன். கேஸ் உறையும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுதியிருப்பேனோ என்று என்னையே கேட்கிறேன், பதில் சொல்லப் பயமாக இருக்கிறது.

"உனக்கு எழுதியிருக்கிறேன், அது கணக்கில்லை" என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்த பிறகும் பாவம் பாவம் என்று உனக்குப் பதில் எழுதினேன் பார், மொட்டைக் கடிதத்தைவிடக் கேவலம் அதுதான்.

இவரிடம் சொன்னேன். நாற்காலியிலிருந்து எழுந்து டிவியை அணைத்தார். "நீயா?" என்றார். அவ்வளவு அமைதியாக இந்த வீடு இருந்ததே இல்லை.

மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆர்டிஸ்


ஃபேர்பேங்ஸ்
மே 28, 1989

ஆர்டிஸுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். விரல் ஆறிவிட்டது, பஸ் ஓட்டுகிறேன். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்?

மூன்று மாதமாக உனக்கு ஒன்பது கடிதம் எழுதினேன். ஒன்றையும் தபாலில் போடவில்லை. போட்டிருந்தால் தபால்காரருக்கே கை சுட்டிருக்கும்.

உன் கடிதம் வந்த அன்றே ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். எந்த இடத்தில் நின்று எல்மரைப் பழித்தேனோ அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால், நீ எழுதியதைச் சத்தமாகப் படித்தேன். உன் பெயரையும் விடவில்லை. படித்து முடித்ததும் அவர், "சரி. காபி ஆறுது" என்றார்.

ஹார்லனிடம் மொட்டைக் கடிதத்தைக் கேட்டு வாங்கினேன். முழுசாகப் படித்தது அப்போதுதான். காட்டிக் கொடுக்கிற கடிதத்தில் யாராவது ஜன்னல் திரையைப் புகழ்வார்களா, அக்கா? அன்றைக்கே அவர் முழுக்கப் படித்துக் காட்டியிருந்தால் திரை வந்த வரியிலேயே நீதான் என்று தெரிந்திருக்கும். கையில் கட்டோடு சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுதேன்.

இப்போது என் முறை. நானும் உனக்கு உண்மை எழுதவில்லை. இரவில் மூச்சுக்காற்று சுவரில் பனியாகப் படிந்து, காலையில் தலைமுடி அதில் ஒட்டிக்கொள்ளும். நாற்பத்தாறு வயதில் வாளியில் தண்ணீர் தூக்கி, டிரைவர்கள் கழிப்பறையில் குளித்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு மனிதக் குரல் கேட்காது. ஐந்து மணி நேரத்தில் நான்கு மணி நேரம் கடிகாரத்தைத்தான் பார்த்தேன். உனக்கு எழுத உட்கார்ந்தால் மட்டும் எல்லாம் பொன்னாக மாறிவிடும். ஏன் தெரியுமா? டுவேன் என்னைத் திட்டாத நாளே கிடையாது. உன் சமையலறைக்கு வந்து உட்காருவேன். அத்தான் முதல் கோப்பை காபியை ஊற்றி உன் முன்னால் வைப்பார். இருபது வருஷம் அதைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன். ஒரு தடவையாவது உனக்கு எரியட்டும் என்று நினைத்தேன். இப்படிப் பற்றிக்கொள்ளும் என்று நினைக்கவில்லை.

இதனால் உன் குற்றம் குறையாது. என் விரல் என் விரல்தான்.

பிப்ரவரியிலேயே ஹார்லன் என்னை வேலியோரத்துக்குத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார். கவனிக்க ஆளில்லாமல் ஃபியூஸ் போன அன்று பதினான்கு பஸ் கிளம்பவில்லை, ஊரே அவரைத் திட்டியது. ஆகஸ்டில் நான் எல்மர் வீட்டுக்குப் போகிறேன். கல்யாணமா கில்யாணமா என்று கேட்காதே, எனக்கே தெரியாது. கேம்பர் காலியாக நிற்கும். ஹார்லனுக்கு டிரைவர்கள் தேவை, ஆகஸ்ட் ஏழில் பயிற்சி ஆரம்பம். அறுபது வயதுக்காரர்கள்கூட ஓட்டுகிறார்கள்.

வா. ஒரு குளிர்காலம் முழுக்க அதில் இருந்து பார். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கையைப் பார்க்கும்போதெல்லாம் உன்னைத் திட்டுகிறேன். பக்கத்தில் இருந்தால் திட்டச் சௌகரியமாக இருக்கும்.

லவோன்


மைனாட்
ஜூன் 9, 1989

அன்புள்ள லவோனுக்கு,

நாங்கள் நலம். நீயும் எல்மரும் நலமாக இருங்கள்.

இவரிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். முதல் கோப்பை காபி விஷயத்தில் மட்டும் முகம் கொஞ்சம் பூரித்தது. அந்தக் காபியைப் போட்டவள் நான், ஊற்றினது மட்டும்தான் அவர் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

"போகட்டுமா?" என்றேன்.

"நான் வேண்டாம்னா நிக்கவா போறே?"

"நீங்களும் வாங்களேன்."

"அந்தப் படுக்கையில என் முதுகுக்கு ஆகாது ஆர்டிஸ்" என்றார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்தார். சாப்பாட்டு வேளைகூட இல்லை. கார் சாவியை எடுத்துக்கொண்டு, "அவ்வளவு தூரத்துக்கு இந்த டயர் தாங்காது, மாத்திட்டு வரேன்" என்று போனார். ஆம், விமானத்தில் வரவில்லை. காரில், தனியாக. ஜூலை 27 கிளம்புகிறேன், ஆகஸ்ட் ஐந்துக்குள் சேர்ந்துவிடுவேன்.

ஒன்று சொல்லாமல் இந்தக் கடிதத்தை மூட முடியாது. உன் இடத்தில் நான் இருந்து, நீ எனக்கு இதைச் செய்திருந்தால், சாகும்வரை உனக்கு ஒரு வரி எழுதியிருக்கமாட்டேன். சத்தியமாக எழுதியிருக்கமாட்டேன். நீ "வா" என்று எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு முதலில் அழுகை வரவில்லை. பொறாமைதான் வந்தது. இதை இவளால் எப்படி எழுத முடிந்தது, என்னால் ஏன் முடியாது என்று. கேம்பரைப் பார்த்து எரிந்தேனே, அதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

என்னைத் திட்டுவதை அதுவரைக்கும் மிச்சம் வைத்திரு, நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன்.

உன் அக்கா
ஆர்டிஸ்